பொருந்தும் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. வேகத்துக்காகவே வாங்கப்படும் கார்களுக்கு வெளி நிறுவனங்கள் செய்து விற்கும் எக்ஸாஸ்ட் பாகங்களோடு, அமெரிக்கா, ஜப்பான், இந்தியா என்று எந்தச் சந்தையிலும் இந்த வாக்குறுதி கூடவே வருகிறது. கார் லிஃப்டில் ஏறிய பிறகு கதை மாறுகிறது. டர்போவிலிருந்து இறங்கும் குழாயான டவுன்பைப்பின் பிளாஞ்ச், அதாவது இணைப்புத் தட்டு, டர்போவின் முகத்தோடு சேராமல் ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நடுக்குழாய் கியர்பாக்ஸ் தாங்கியில் உரசும். சைலன்சரில் பற்றவைத்த ஹேங்கர் கம்பி, அது நுழைய வேண்டிய ரப்பருக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். வால்முனை பம்பர் வெட்டின் நடுவே வராமல் ஓரமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கடப்பாரையும் கிரைண்டரும் வெளியே வரும். கடைசியில் பழி இருவரில் ஒருவர் தலையில் விழும்: மாட்டத் தெரியாத மெக்கானிக், இல்லாவிட்டால் மலிவாகப் பார்த்து வாங்கிய கார்க்காரர். பெரும்பாலும் இரண்டு பேரும் குற்றவாளிகள் அல்ல. எந்த அளவும் சொல்லாமல், எந்தக் காரில் மாட்டிப் பார்த்தோம் என்றும் சொல்லாமல் ஒரு பாகத்தை 'அப்படியே பொருந்தும்' என்று விற்கும்போதே தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

இது ஏன் என்று புரிய, எளிய கணக்கு ஒன்று போதும். டவுன்பைப்பின் பிளாஞ்சை வெல்டிங் செய்யும்போது கோணம் ஒரே ஒரு பாகை பிசகினால், ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழாயின் மறுமுனை 26 மில்லிமீட்டர் விலகிப் போயிருக்கும். காரின் அடிப்பகுதியில் டிரைவ் ஷாஃப்டுக்கும் எரிபொருள் குழாய்க்கும் நடுவே கிடைக்கும் இடத்துக்கு அது மிகப் பெரிய விலகல். ஒரு பாகை பிசகுவதற்குக் கவனக்குறைவு தேவையில்லை. வெல்டிங் சூடு ஆறும்போது உலோகம் சுருங்கித் தன் பக்கமாக இழுக்கும். குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் ஜிக் நாளாக நாளாகத் தேயும். கார்த் தொழிற்சாலையில் இவற்றையெல்லாம் சரிபார்க்கத் தனி அளவுக் கருவிகள் உண்டு. சிறிய நிறுவனம் ஒன்று, கையில் கிடைத்த ஒரே ஒரு காரை நிறுத்தி, அதிலிருந்து அச்செடுத்து ஜிக் செய்கிறது. அந்தக் காரின் எஞ்சின் மவுண்ட் ரப்பர் பழசாகித் தொய்ந்திருந்தால், அந்தத் தொய்வும் இனி விற்கப்போகும் ஒவ்வொரு குழாயிலும் நகலாகும். கூரியர் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதற்காக நீளக் குழாயை மூன்று நான்கு துண்டாக வெட்டுவதும் உண்டு. ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்ய இடம் தருகிறது என்பது உண்மை. புகை கசிய இன்னொரு வழி திறக்கிறது என்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு மாடலின் பெயர் ஒரே காரைக் குறிப்பதில்லை என்பது. 2015 முதல் 2021 வரை அமெரிக்காவில் விற்ற சுபாரு டபிள்யூஆர்எக்ஸையும் அதன் அண்ணனான எஸ்டிஐயையும் பாருங்கள். உடல் ஒன்றே. ஆனால் முதலாவதில் எஃப்ஏ20 எஞ்சின். டர்போ எஞ்சினுக்கு முன்புறம் கீழே தொங்குகிறது. இரண்டாவதில் பழைய ஈஜே25. டர்போ மேலே, பின்பக்கம். பின்பகுதிக் குழாய்களை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போடலாம். டவுன்பைப்பைப் போடவே முடியாது. பிஎம்டபிள்யூவில் இன்னும் நுணுக்கம். 335ஐ காரின் என்55 எஞ்சினில், 2013ஆம் ஆண்டின் நடுவில், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வை இயக்கும் முறை காற்றழுத்தத்திலிருந்து மின்மோட்டாருக்கு மாறியது. மாடல் பெயர் மாறவில்லை, எஞ்சின் குறியீடு மாறவில்லை. டவுன்பைப் சேரும் முகம் மட்டும் மாறிவிட்டது. நான்கு சக்கர இயக்கம் உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் குழாய் வேறு. போதாததற்கு, பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போ வலப்பக்கம் இருக்கிறது; இந்தியா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளுக்கான காரில் ஸ்டியரிங் தண்டும் அதே வலப்பக்கம்தான் இறங்குகிறது. அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்து வடித்த பெரிய டர்போ மேனிஃபோல்டு நம் பக்கத்துக் காரில் அந்தத் தண்டை இடித்தால் அதில் வியக்க என்ன இருக்கிறது? இத்தனை வேறுபாட்டையும் '2012–2015 மாடல்களுக்குப் பொருந்தும்' என்ற ஒற்றை வரியில் அடக்கி விற்கிறார்கள்.

குளிர்ந்த காரில் பார்த்துப் பொருத்தம் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. கம்பெனி எக்ஸாஸ்ட் பெரும்பாலும் 409 போன்ற, காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. வெளிச்சந்தைப் பாகங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது 304. பளபளப்பிலும் துருவைத் தாங்குவதிலும் 304 மேல். ஆனால் சூடேறினால் அது நீளுவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு மீட்டர் குழாய் 350 டிகிரி சூடேறினால் 409 சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். 304 சுமார் 12. பின் அச்சைச் சுற்றி வளைந்து போகும் குழாயில் அந்த நீட்சி நேராகப் போகாது, பக்கவாட்டில் தள்ளும். அதோடு, காலை அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் தன் மவுண்ட்டில் ஆடும். குழாயும் கூடவே ஆடும். பட்டறையில் ஒரு விரல் நுழைந்த இடைவெளி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு காணாமல் போய்விடும். 304 கூடாது என்பதல்ல. அதைத் தேர்ந்தெடுக்கிற நிறுவனம் அந்த நான்கு மில்லிமீட்டருக்கு எங்கே இடம் விட்டிருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டது.

பொருந்தாத குழாய் என்றால் கொஞ்சம் கடகடக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. சத்தம் அதன் மிகச் சிறிய கேடு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் பிளாஞ்சில் மெல்லிய இடைவெளி இருந்தால், புகை துடித்துத் துடித்து வெளியேறும்போது இடையிடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, எரிபொருள் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், எச்சரிக்கை விளக்கு எரியும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். கசிவு டர்போவுக்கு முன்னால் என்றால், எந்த வேகத்துக்காகப் பணம் கொடுத்தோமோ அதுவே குறையும். சேராத பிளாஞ்சை போல்ட்டின் பலத்தால் இழுத்து முடுக்கினால் அந்த இழுவிசை குழாயிலேயே தங்கிவிடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் வெல்டிங் விரியும், அல்லது டர்போவின் ஸ்டட் ஒடியும். பம்பர் உருகுவதும் பிரேக் குழாய் சூட்டில் வேகுவதும் இதே கணக்கில் சேரும். கேபினுக்குள் நுழையும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஒரு பாகை விலகலின் விலை இதுவரை போகலாம்.

இனி மறுப்புகள். மெக்கானிக் சரியாக மாட்டவில்லை என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லா இணைப்பையும் தளர்வாகக் கோத்து, முழுக் குழாயையும் வரிசைப்படுத்தி, முன்னாலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக முடுக்குவதே முறை. முதல் போல்ட்டையே முழு பலத்தில் முடுக்கிவிட்டுப் பின்னால் இடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிளாஞ்சின் முகமே கோணலாக இருந்தால் எந்த வரிசையில் முடுக்கினாலும் அது நேராகாது. இரண்டாவது மறுப்பு, காரின் உடலே காருக்குக் கார் சில மில்லிமீட்டர் மாறும், அதற்கு நாங்கள் என்ன செய்ய என்பது. நல்ல கேள்வி, பதில் கார்க் கம்பெனியிடமே இருக்கிறது. அதே மாறுபட்ட கார்களுக்கு, பத்தாண்டு கழித்துக்கூட, கம்பெனியின் மாற்று சைலன்சர் சண்டை போடாமல் போய் உட்காருகிறது. மாறுபாடு இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, வளையும் பெல்லோஸ் பகுதியையும் நீள்துளைகளையும் எங்கே வைப்பது என்று திட்டமிட்டதன் பலன் அது. காரின் மாறுபாட்டைக் காரணம் காட்டுகிற நிறுவனம், அதை அளந்து பார்க்கவில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்கிறது.

விலை குறைந்தால் தரம் குறையும், இதில் புதிதாக என்ன என்பார்கள். மலிவான நகல்களில் தொல்லை கூடுதல் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் விலைச்சீட்டு பொருத்தத்தின் அளவைச் சொல்வதில்லை. அமெரிக்கக் காருக்கென்று செய்த விலை உயர்ந்த பாகமும் வலப்பக்க ஸ்டியரிங்கை இடிக்கும். இன்னொரு வாதம் கொஞ்சம் கவர்ச்சியானது: காரை மாற்றியமைப்பதே ஒரு கைவினை, வெட்டுவதும் ஒட்டுவதும் அதில் பாதி இன்பம். இருக்கட்டும். காரைப் பார்த்து அளந்து, அந்த ஒரு காருக்கென்று குழாய் வளைத்துத் தரும் வெல்டர் அந்தக் கைவினையைத்தான் விற்கிறார். உழைப்பைச் சொல்லியே கூலி கேட்கிறார். அந்த உழைப்பு தேவையில்லை என்று சொல்லி விற்றுவிட்டு, பிறகு அதைக் கைவினை என்று புகழ்வதை எப்படி ஏற்பது?

எந்தக் காருக்கு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதும் பொய். ஐரோப்பாவில் மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா. 59ஆம் விதி இருக்கிறது. எந்த வகை வாகனத்துக்கு என்று குறிப்பிட்டு, சோதித்து, அங்கீகாரக் குறி பெற வேண்டும். ஜப்பானில் 2010 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களுக்கான மாற்று மஃப்ளருக்கு முன்சான்று கட்டாயம். இவை சோதிப்பது சத்தத்தைத்தான், இடைவெளியை அல்ல. இருந்தாலும் வாகன வகையை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் எஞ்சின் குறியீடு, தயாரான மாதம், ஸ்டியரிங் பக்கம், எத்தனை சக்கர இயக்கம், முக்கியமான ஐந்தாறு இடங்களில் சூடான நிலையில் மிஞ்சும் இடைவெளி ஆகியவற்றைச் சேர்க்க ஒரு நாள் வேலைகூட ஆகாது. சேர்க்காததற்குக் காரணம் வேறு: எழுதிவிட்டால் பொறுப்பேற்க வேண்டும்.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழிகள் இப்போதே சிறு எழுத்தில் தயாராக இருக்கின்றன. 'மாட்டிய பாகத்தைத் திரும்ப எடுக்கமாட்டோம்' என்பது ஒன்று. மாட்டாமல் பொருந்துகிறதா என்று தெரியாது; மாட்டினால் திருப்பித் தர முடியாது. செருப்புக் கடையில்கூடப் போட்டு நடந்து பார்க்க விடுகிறார்கள். துருப்பிடித்த பழைய போல்ட்டுகளை ஒடித்து, லிஃப்ட் வாடகையும் கூலியும் கொடுத்து முடித்த பிறகுதான் இங்கே குறை தெரியவரும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. பொருந்தும் என்பது விளம்பரத்தில் சொன்ன தன்மைதானே? இன்னொரு வழி 'பொதுச்சாலைக்கு அல்ல' என்ற முத்திரை. சத்தமும் புகையும் வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)ஆவது பிரிவு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ சொல்கிறது. அது ஓட்டுகிறவரைப் பிடிக்கிறது. விற்றவருக்கு அந்த முத்திரை கேடயமாகிவிடுகிறது. சாலையில் ஓட்டக் கூடாத பாகத்துக்குப் பொருத்தம் எதற்கு என்று கேட்பவர்கள், கோவை செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடங்கள் இருப்பதை மறக்கிறார்கள். அங்கே குழாய் இன்னும் சூடாகும், இன்னும் வேகமாக ஆடும்; பொருத்தம் அங்கேதான் அதிகம் தேவை.

எனவே, வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த எஞ்சின், எந்த மாதத்தில் தயாரான, எந்தப் பக்க ஸ்டியரிங் உள்ள காரில் மாட்டிப் பார்த்தீர்கள்? சூடான பிறகு இடைவெளி எவ்வளவு? சேராவிட்டால் பாகத்தோடு கூலியையும் திருப்பித் தருவீர்களா? பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை உள்ளூர் வெல்டரிடம் கொடுங்கள். அவர் உங்கள் காரைப் பார்த்துவிட்டுத்தான் அளவெடுப்பார்.