காருக்கும் ஒரு தெர்மாமீட்டர்

குழந்தைக்கு உடம்பு சுட்டால் முதலில் நெற்றியில் கை வைத்துத்தான் பார்க்கிறோம். ஆனால் டாக்டரிடம் போனதும் அவர் கேட்பது, "எத்தனை டிகிரி இருந்தது?" என்றுதானே? 99-ஆ, 102-ஆ என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் தெர்மாமீட்டர் கிடையாது. நிலைமை முற்றிய பிறகு எரிகிற ஒரு சின்ன விளக்குதான் உண்டு.

"கார் சமாசாரமா? அதெல்லாம் ஆண்கள் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டி நடுவழியில் நின்றால் குழந்தைகளை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் காத்திருப்பது யார்? எஞ்சினைப் பிரித்துப் போட்டால் அந்தச் செலவு எந்த உண்டியலிலிருந்து போகிறது?

எங்களிடம் இருப்பது மாமனார் 1968-ல் வாங்கின ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரித்தார்கள். 948 சி.சி. எஞ்சின். முன்பக்கத்து மூடி மொத்தமாக முன்னால் சாய்ந்து எஞ்சின் முழுக்கத் தெரியும். புடவையோடு நின்றுகூட ஆயில் பார்த்துவிடலாம். டாஷ்போர்டில்தான் சிக்கனம். எங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டர், அதற்குள்ளேயே பெட்ரோல் முள், இரண்டு விளக்குகள், அவ்வளவுதான்.

தனியாக மீட்டர் வைக்கலாமே என்று நான் சொன்னபோது மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கும்மா? ஆயில் லைட்டு எரிஞ்சா வண்டிய நிறுத்துங்க. அது போதும்."

"லைட்டு எரியும்போது பிரஷர் எவ்வளவு இருக்கும், மேஸ்திரி?"

"அஞ்சு, ஆறு பவுண்டு இருக்கும்."

"ரோட்டுல ஓடும்போது எவ்வளவு இருக்கணும்?"

"நாப்பது, அம்பது..." என்று இழுத்தவர், சிரித்துவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கினாலும் அந்த விளக்கு வாயைத் திறக்காது. அது எரிவதற்குள் எஞ்சினுக்குள்ளே இருக்கும் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் தேய ஆரம்பித்திருக்கும். அதற்காக விளக்கைக் கழற்றிவிடச் சொல்லாதீர்கள். முள்ளை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விளக்கு கண்ணில் பளிச்சென்று படும். ஒரு மூன்று வழி இணைப்பு போட்டால் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஆயில் பிரஷர் மீட்டரில் இரண்டு ஜாதி. ஒன்றில் எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலே மீட்டர் வரைக்கும் வரும். துல்லியமாகக் காட்டும், மின்சாரம் வேண்டாம். ஆனால் அந்தக் குழாய் விரிசல் விட்டால் சுடச்சுட ஆயில் நம் கால் மேலேயே பீச்சும். குழந்தைகள் ஏறும் வண்டிக்கு எனக்கு அது சம்மதமில்லை. இன்னொன்று மின்சாரத்தில் வேலை செய்வது. ஆயில் எஞ்சினிலேயே இருக்கும், ஒயர் மட்டும்தான் உள்ளே வரும். நான் பிடிவாதமாக இதைத்தான் போடச் சொன்னேன்.

டெம்பரேச்சர் மீட்டரில் பழைய ரகத்தில் ஈதர் நிரப்பிய மெல்லிய குழாய் மீட்டரோடு ஒட்டியே வரும். நீளம் அதிகம் என்று நறுக்கினீர்களோ, மீட்டர் போச்சு! மீதியை வளையமாகச் சுற்றித்தான் வைக்க வேண்டும். மின்சார ரகத்தில் ஒரு சென்சார். அதை வைக்க எஞ்சினில் இடம் இல்லாவிட்டால், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஓஸின் நடுவே ஒரு சின்ன உலோகக் குழாயைப் பொருத்தி அதில் வைப்பார்கள். அப்போது அந்தக் குழாய்க்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் இருப்பதால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. புது மீட்டர் ஆடாமல் அசையாமல் இருந்தால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது பேட்டரிக்கு. அந்தக் காலத்தில் ஆம்மீட்டர் வைப்பார்கள். ஸ்டார்ட்டரைத் தவிர வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போய்வரும். ஒரு முனை தளர்ந்தாலே சூடாகி, தீப்பிடிக்கவும் இடமுண்டு. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும், நடுவே ஒரு பியூஸும் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இப்போதைய வண்டிகளில் நேர்மாறு. இதைக் கவனிக்காமல் மாட்டினால் புது மீட்டர் வீணாகும்.

எங்கே மாட்டுவது என்பதில் இவருக்கும் எனக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். மர டாஷ்போர்டில் ஓட்டை போடலாம் என்றார் இவர். மாமனார் மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மரம்! விடுவேனா? டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பட்டையில் 52 மில்லி மீட்டர் அளவில் மூன்று மீட்டர்கள் வரிசையாக உட்கார்ந்தன. வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றிவிடலாம், மரத்தில் ஒரு கீறல் இராது.

சென்னையில் இந்தச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள், பழையதுக்குப் புதுப்பேட்டை. வேலை தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே உள்ள தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு ஒயரை நாளடைவில் அறுத்துவிடும்.

மாட்டினதோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. நம் வண்டிக்கு எது இயல்பு என்று தெரிய வேண்டாமா? நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதம் குறித்து வைத்தேன். வெயிலில், மழையில், மேம்பாலம் ஏறும்போது, சிக்னலில் நிற்கும்போது. எங்கள் ஹெரால்டுக்கு ஓடும்போது 80 முதல் 85 டிகிரி, ஆயில் 45 பவுண்டு. எஞ்சின் சூடான பின் சும்மா நிற்கும்போது 20. வோல்ட்மீட்டர் ஓடும்போது 14. ராத்திரி விளக்கோடு சிக்னலில் நின்றால் 12-க்கு வந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை; பழைய டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் ஆகாது.

இந்தக் கணக்கு ஏற்காட்டு மலையில் கைகொடுத்தது. பாதி வளைவுகள் ஏறியிருப்போம், டெம்பரேச்சர் முள் 95-ஐத் தொட்டது. மலை ஏற்றம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்போம். ஆனால் பக்கத்திலேயே வோல்ட்மீட்டரும் பகல் வேளையில் 12-க்கு இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து கெடுமா என்று யோசித்தால், தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றுவது ஒரே பேன் பெல்ட்! நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தால் பெல்ட் தொளதொளவென்று வழுக்கிக்கொண்டிருந்தது. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இழுத்துக் கட்டப் பத்து நிமிஷம். கவனிக்காமல் அப்படியே ஏறிக்கொண்டிருந்தால் சூடு இன்னும் ஏறித் தலைப்பக்கத்து காஸ்கெட் போயிருக்கலாம், ஊர் திரும்ப லாரியில் கட்டி வர வேண்டியிருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கெட்டியாக நினைவில் வையுங்கள். தண்ணீர் முழுக்க ஒழுகிப் போய்விட்டால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இராது. அப்போது முள் கீழே இறங்கி நல்ல பிள்ளை மாதிரி காட்டும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடாதீர்கள். போன இதழில் குக்கரைப் பற்றி எழுதினேனே, அதே சங்கதிதான். அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி தளர்ந்த நொடியில் ஆவியும் கொதிநீருமாக முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும். கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறின பிறகு, தடிமனான துணி போட்டு மெல்லத் திருகுங்கள். குழந்தைகள் தள்ளியே நிற்கட்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். முகத்தில் பட்டிருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்பு ரொம்பப் பிரகாசமாக இருந்தால் ராத்திரியில் கண் கூசும். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிக் குறைந்த வாட் பல்பாகப் போடச் சொல்லுங்கள்.