டவரால் புற்றுநோய் வருமா? எங்கள் தெரு மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி இது. "டாக்டர், எங்க வீட்டுக்குப் பக்கத்துல டவர் வைக்கிறாங்க, கேன்சர் வருமா?" 2023 ஜனவரியில் திருச்சிக்கு 5ஜி வந்த பிறகு இன்னும் கூடிப்போச்சு. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியலை. அதான் இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையாப் படிங்க.

என் நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடறேன். ஒரு டவரை எதிர்க்க நியாயமான காரணங்கள் இருக்கலாம். புற்றுநோய் அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை. புற்றுநோய் பயத்தில் டவரைத் துரத்தினா அதுக்கு நாம கொடுக்கும் விலை வேற.

ரேடியேஷன்னு கேட்டதும் எக்ஸ்ரேயும் ஹிரோஷிமாவும்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனா விளக்கு வெளிச்சமும் கதிர்வீச்சுதான், விறகடுப்பின் அனலும் கதிர்வீச்சுதான். எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் சக்தி இருக்கு. அதனால் டிஎன்ஏ உடையலாம், புற்றுநோய்க்கு அது ஒரு வழி. நம்ம ஊர் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையானதைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைவு.

"ஒண்ணு சின்னதா இருந்தா என்ன சார், நாள் முழுக்க வருதே?" நியாயமான கேள்வி. மாங்காய் விழணும்னா கல்லெடுத்து எறியணும். நாள் முழுக்க உமியை அள்ளி எறிஞ்சாலும் மாங்காய் விழாது.

ரேடியோ அலைகளால் உடம்பில் நிச்சயமா நடக்கும்னு நமக்குத் தெரிஞ்ச விளைவு சூடாக்குவது. அந்தச் சூட்டை அடிப்படையா வச்சுத்தான் சர்வதேச வரம்பு போட்டிருக்காங்க. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா அந்த வரம்பையும் பத்தில் ஒரு பங்காகக் குறைச்சது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஒப்பிட்டுப் பார்க்க, திருச்சி மத்தியான வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். ரெண்டும் உடம்புக்குள் ஒரே ஆழத்துக்குப் போறதில்லை, அதனால் இதை நேரடிக் கணக்கா எடுத்துக்காதீங்க, அளவு புரியத்தான் சொல்றேன். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் புற்றுநோயை உண்டாக்கும்னு நிரூபணமே ஆகியிருக்கு. அதுக்காக யாரும் மனு எழுதறதில்லை!

அடுத்து எல்லாரும் நீட்டுவது உலக சுகாதார நிறுவனத்தை. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வச்சது உண்மை. 2பி என்றால் "உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் போதாது" என்ற பிரிவு. கற்றாழை முழு இலைச் சாறும் அதே 2பியில்தான் இருக்கு. அன்னைக்கு அவங்க முக்கியமா கவலைப்பட்டதும் டவரைப் பத்தி இல்லை, காதோடு ஒட்டிவச்சு மணிக்கணக்கா பேசும் போனைப் பத்தி.

அதுக்கப்புறம் 13 வருஷ ஆராய்ச்சி சேர்ந்துடுச்சு. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பத்து வருஷத்துக்கு மேல் போன் பயன்படுத்தியவர்களுக்கும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை. டவர் அலைகளால் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோயோ மூளைக் கட்டியோ கூடியதாகவும் தெரியவில்லை.

எலி ஆய்வைக் காட்டுபவர்களும் உண்டு. 2018-இல் அமெரிக்க அரசின் ஆய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வீதம் 2 வருஷம், முழு உடம்புக்கும் அதிக அளவில் அலையைப் பாய்ச்சினாங்க. ஆண் எலிகளில் இதயத்தில் ஒரு வகைக் கட்டி கூடியது. அதே ஆண் எலிகள், அலையே படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோட இருந்தன! இதை வச்சு ரெண்டு பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. ஆராய்ச்சி தொடரணும், தொடருது.

சிட்டுக்குருவி? 2018-இல் '2.0' படம் பார்த்துட்டு நம்மில் பாதிப் பேர் டவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். படம் வரும்முன்னே செல்போன் நிறுவனங்களின் சங்கம் சென்சார் போர்டுக்குப் புகார் அனுப்பினதும் நடந்தது. 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையா இருக்குன்னு சொல்லுது. பெரிய நகரங்களில் குறைஞ்சிருக்கு, ஆனா அதை டவர் தலையில் கட்ட ஆதாரம் இல்லை. முற்றமும் ஓட்டுச் சரிவும் இல்லாத வீட்டில் குருவி எங்கே கூடு கட்டும்னு நாம கேட்டுக்கறதில்லை.

2021 இரண்டாம் அலையில் நாங்க பிபிஇ கிட்டுக்குள் வெந்துகொண்டிருந்தப்ப "சாவுக்குக் காரணம் 5ஜி சோதனை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுத்தியது. நாட்டில் எங்கேயும் அப்போ 5ஜி சோதனை தொடங்கவே இல்லைன்னு தொலைத்தொடர்புத் துறை மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

"உச்ச நீதிமன்றமே டவரை அணைக்கச் சொல்லலையா?" சொன்னது, 2017-இல், குவாலியரில் ஒரு நோயாளி தொடுத்த வழக்கில். அந்த மனிதரின் வேதனை உண்மை. ஆனா ஒரு வழக்கில் வந்த உத்தரவு மருத்துவ ஆதாரம் ஆகாது. அது எவ்வளவு பெரிய நீதிமன்றமா இருந்தாலும் சரி.

இப்போ எங்க தெருக் கதை. ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு மொட்டை மாடியில் டவர் வைக்க ஏற்பாடு நடந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு மனு தயாராச்சு. ஓய்வுபெற்ற ஒரு மாமா கொண்டுவந்து நீட்டினார். "டாக்டர் சார், நீங்க கையெழுத்துப் போட்டா கலெக்டர் ஆபீஸ்ல மதிப்பா இருக்கும்."

படிச்சேன். முதல் வரியில் புற்றுநோய், கருச்சிதைவு, மலட்டுத்தன்மை. நாலாவது வரியில் "வீடு அறுபது வருடப் பழையது, மாடி பாரம் தாங்குமா என்று தெரியவில்லை." ஐந்தாவதில் ஜெனரேட்டர் சத்தமும் புகையும். ஆறாவதில், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற வருத்தம்.

"மாமா, நாலாவது வரியை மேல கொண்டுவாங்க, முதல் வரியை எடுத்துடுங்க, இப்பவே போடறேன்"னு சொன்னேன்.

அவருக்குக் கோபம். "மாடி தாங்காதுன்னு எழுதினா எவன் கேப்பான்? கேன்சர்னு எழுதினாத்தான் நிமிர்ந்தே பாப்பான்" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கு, அதுதான் எனக்கு வருத்தம். மக்கள் பயத்தைச் சொன்னாத்தான் அலுவலகம் காது கொடுக்கும்னா மக்கள் பயத்தைத்தான் சொல்வாங்க. மாடியின் உறுதிச் சான்றிதழைக் காட்டு, ஜெனரேட்டரை எங்கே வைக்கப் போறேன்னு சொல்லு, எங்களை உட்காரவச்சுப் பேசு என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அதைக் கேட்க ஒரு நோயைத் துணைக்கு இழுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் என் கையெழுத்துக்குக் கீழே என் பதிவு எண் இருக்கு. பொய்யான முதல் வரிக்குக் கீழே அதைப் போட முடியாது.

சரி, டவர் தள்ளிப் போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. நம்ம மேல் படும் அலை குறைஞ்சிடுமா? இங்கேதான் பலர் தலைகீழா நினைக்கிறாங்க. போனும் ஒரு சின்ன டவர்தான், அதுவும் காதை ஒட்டி இருக்கும் டவர். நிஜ டவர் கிட்ட இருந்தா போன் மெதுவாப் பேசும். தூரத்தில் இருந்தா கத்தும். 4ஜி, 5ஜி போன் தன் சக்தியை ஆயிரம் மடங்குக்கு மேல் ஏத்தி இறக்கும். நாலு தெரு தள்ளிப்போன டவரிலிருந்து வரும் துளி அலை இன்னும் குறையும், உங்க தலையை ஒட்டியிருக்கும் போனின் அலை கூடும். மாடி டவர் ஆன்டெனாவும் பெரும்பாலும் கலங்கரை விளக்கு மாதிரி பக்கவாட்டில்தான் வீசும், நேர் கீழே இருக்கும் வீட்டில் ரொம்பக் குறைவு. தவிர, 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டத் திணறும். ஸ்ரீரங்கம் மாதிரி மதிலுக்குள் மதிலா இருக்கும் ஊரில் கிட்டக் கிட்டச் சின்ன ஆன்டெனாக்கள் வைக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கு வந்தவங்களுக்கு இன்னொண்ணு தெரியும். போனில் நாலு கோடும் நிறைஞ்சிருக்கும், கால் போகாது. ஒரு வருஷம் மருத்துவ முகாம் டியூட்டியில் இருந்தப்ப வரிசையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. மகன் 108-க்கு அடிக்கிறார், அடிக்கிறார், போகலை. கடைசியில் தொண்டுக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் எங்க கூடாரத்துக்கு ஓடிவந்தான். பெரியவர் பிழைச்சார், ஆனா அந்தப் பையனின் கால்களை நம்பி. கோடு நிறைஞ்சிருப்பது பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுச்சு என்பதைத்தான் சொல்லும், உள்ளே இடம் இருக்கான்னு சொல்லாது. லட்சம் பேர் கூடும் நாளுக்கு வண்டியில் ஏத்திவரும் தற்காலிக டவர்கள் இருக்கு. முகாம் டென்ட், ஆம்புலன்ஸ் மாதிரி அதையும் திருவிழா ஏற்பாட்டில் ஒரு வரியா எழுதிக் கேட்கணும். நான் சந்தோஷமா கையெழுத்துப் போடும் மனு அது.

நெஞ்சுவலி என்றதால் ஒரு கணக்கு. மாரடைப்பு நோயாளியின் இசிஜியைச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வயர்லெஸ் வழியா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, 108-ஐயும் இணைத்துச் சிகிச்சை கொடுக்கும் முறையைத் தமிழ்நாட்டில்தான் 2,420 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தாங்க. முடிவு 2017-இல் வெளியாச்சு. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைஞ்சாங்க. நூறு பேரில் மூணு பேர். முசிறியோ மணப்பாறையோ, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு டியூட்டி டாக்டர் இசிஜியை போட்டோ எடுத்து இதய மருத்துவருக்கு அனுப்பும்போது அது சுத்திக்கிட்டே நின்னா, அந்த நிமிஷங்களில் சாவது இதயத் தசை.

டவரைப் பத்திக் கேட்ட ஒருவரை ஒருநாள் வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. சட்டைப் பையில் புகையிலை. புகையிலையும் பாக்கும் முதல் பிரிவு, அதாவது சந்தேகத்துக்கே இடமில்லாமல் புற்றுநோயை உண்டாக்குபவை. டவர் பத்தி அவருக்குப் பத்து வீடியோ வந்திருக்கு. இதைப் பத்தி ஒண்ணுகூட வரலை.

போனால் தலைக்கு ஆபத்து உண்டான்னு கேட்டா, உண்டு. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கிட்டே சென்னை பைபாஸில் போறவங்களை அடிக்கடி பார்க்கிறேன், சிலரை கேஷுவாலிட்டியிலும்.

இன்னும் மனசு கேட்கலைன்னா செய்யக்கூடியது இருக்கு. மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்க பகுதி டவர் விதிப்படி இருக்கான்னு பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினா நேரில் வந்து அளந்து தருவாங்க, தெருவே சேர்ந்து போட்டா ஆளுக்கு நூறோ இருநூறோதான். போனில் *#07# அடிச்சா அதன் சார் அளவு தெரியும், இந்திய வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். லிஃப்டிலும் ஓடும் ரயிலிலும் சிக்னல் ஒரு கோடா இருக்கும்போது நீளமாப் பேசாதீங்க. பேசியே ஆகணும்னா இயர்போன் போடுங்க. அவசரத்தில் உங்க சிம்முக்கு சிக்னல் இல்லைன்னா 112 அடிச்சுப் பாருங்க, வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அந்த அழைப்பு போகும்.