தாத்தாவுக்கு எழுத்து தெரியும், பேத்திக்குப் பேச்சு தெரியும்

நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்களில் பல வீடுகளில் பேச்சு தமிழ். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமோ தெலுங்கு அல்லது ஆங்கிலம். வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து 1911இல் உருவானது சித்தூர் மாவட்டம். 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போனது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறின, வீட்டுப் பேச்சு மாறவில்லை. மாறியது எழுத்துதான். தமிழ் வழியில் படித்த தாத்தா நாளிதழை வரி விடாமல் வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்குத் தமிழில் சண்டை போடத் தெரியும், ‘அ’ எழுதத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப டியூஷன் வேண்டாம். படம் போட்ட ஒரு கதைப் புத்தகமும் அதை உரக்க வாசிக்க ஒரு பெரியவரும் போதும்.

வாசித்துப் பார்த்த வீடுகளுக்கு அடுத்து நடப்பது தெரியும். வரி முடியும் முன்பே குழந்தை பக்கத்தைப் புரட்டும். முதலை வாயைத் திறக்கும் படத்தில் விரலை வைத்துக்கொண்டு நகர விடாது. நேற்று வாசித்த அதே கதைதான் இன்றும் வேண்டும் என்று அடம் பிடிக்கும். தூக்கக் கலக்கத்தில் தாத்தா ஒரு வரியைத் தாண்டினால் உடனே பிடித்துவிடும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் மனப்பாடம்! இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே கேள்வி கேட்டுச் சோதிக்கும் பெரியவர்களைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

பயனும் இல்லாமல் இல்லை. ‘சாப்பிட வா’, ‘செருப்பைப் போடு’ என்ற அளவிலேயே வீட்டுப் பேச்சு சுற்றிவரும். காடும் கடலும் அரண்மனையும் கதை வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உரக்க வாசிக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் மருத்துவர்களுக்கு 2014இல் அறிவுறுத்தியது.

இரண்டு மொழிக்கும் பொதுவான கதைச் சொத்து இங்கே ஏற்கெனவே உண்டு. கடப்பை மாவட்டத்துக்காரரான நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் சிறுவர் இதழ்களாகத் தொடங்கினார்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் தமிழர். அந்தப் படத்தைத் தெலுங்குப் பிள்ளைகளும் தம்முடையதாகவே பார்த்து வளர்ந்தார்கள். இன்று சென்னையின் தூலிகா, பெங்களூரின் பிரதம் புக்ஸ் ஆகிய பதிப்பகங்கள் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் தருகின்றன. பிரதமின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் காசில்லாமலே கிடைக்கும்.

திருமலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைகுண்டம் கியூ வளாகத்தில் காத்திருக்கும் மணி நேரங்களில் செல்போன் கிடையாது, முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். பிஸ்கட்டோடு ஒரு மெல்லிய கதைப் புத்தகமும் பையில் இருந்தால் அந்த நேரம் வீணாகாது.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை அச்சிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிகளில் இருக்கும் அவை, இந்தப் பக்கம் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். ஆந்திராவில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. சித்தூர், திருப்பதி நூலகங்கள் அதில் ஒரு பங்கை இருமொழிக் குழந்தை நூல்களுக்கு ஒதுக்கி, சனிக்கிழமை மாலைகளில் ஊர்த் தாத்தா பாட்டிகளை வாசிக்க அழைக்கட்டும்.