காப்பாற்றியது ஒருவர் மட்டுமல்ல: போர்க்கால மீட்புத் தொலைக்காட்சிப் படங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

போர்க்கால மீட்பைப் படமாக்குவோர் உரையாடலைக் கற்பனை செய்யலாம். பல மாதங்களை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கலாம். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதக் கூடாது. உறுதிப்படாத எண்ணிக்கையை உண்மையென்று காட்டக் கூடாது. இதுவே எங்கள் திரைப்படச் சங்கத்தின் நிலைப்பாடு.

1944இன் புடாபெஸ்ட் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கு நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய சுவீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பெர்க்கைப் பற்றி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1985இல் ஒரு படம் ஒளிபரப்பியது. ஸ்பெயின் தூதரக அதிகாரிபோல நடித்து அதே பணியைச் செய்த இத்தாலிய வணிகர் ஜார்ஜோ பெர்லாஸ்காவைப் பற்றி இத்தாலியின் ராய் தொலைக்காட்சி 2002இல் ஒரு படம் ஒளிபரப்பியது. இருவரின் துணிவையும் நாங்கள் ஐயுறவில்லை. ஆனால் ஒரே நகரின் ஒரே குளிர்காலம், பார்க்கும் படத்துக்கேற்ப ஒவ்வொரு தனிமனிதரின் கதையாகிவிடுகிறது.

நடந்தது அதைவிடப் பெரிது. வாலன்பெர்க் வந்திறங்கிய 1944 ஜூலை 9க்குள் 4,30,000க்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் நாடுகடத்தப்பட்டிருந்தனர், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. சுவிட்சர்லாந்தின் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ் வாலன்பெர்க்குக்கு முன்பே பாதுகாப்புக் கடிதங்கள் வழங்கி வந்தார். 8,000 பேருக்கென்று பெற்ற அனுமதியை 8,000 குடும்பங்களுக்கென்று லுட்ஸ் விரித்துக்கொண்டார். யூத இளைஞர்கள் போலி ஆவணங்கள் தயாரித்து நகரெங்கும் கொண்டு சேர்த்தனர். காப்பாற்றப்பட்டவர்களாக மட்டுமே திரையில் நிற்பவர்களில் பலர் காப்பாற்றியவர்களும்கூட.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். வாலன்பெர்க் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ஒரு லட்சம் பேரில், யூதர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த பெஸ்ட் கெட்டோவில் உயிர்பிழைத்த சுமார் 70,000 பேரும் சேர்க்கப்படுகின்றனர். அவர்கள் பிழைத்ததற்கு ஒருவரை மட்டும் காரணமாக்க முடியாது.

எனவே நாங்கள் கேட்பவை:

1. பலரை ஒரே பாத்திரமாக இணைத்திருந்தால், படத்தின் இறுதியில் அதைச் சொல்ல வேண்டும்.
2. காப்பாற்றப்பட்டோர் எண்ணிக்கையைக் காட்டினால், அதில் கருத்து வேறுபாடு உண்டா என்பதையும் காட்ட வேண்டும்.
3. மொழிமாற்றி ஒளிபரப்பும் அலைவரிசைகள் இந்த இறுதிக் குறிப்புகளை வெட்டாமல் மொழிபெயர்த்துத் தர வேண்டும்.

இதனால் விறுவிறுப்பு குறையும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே போலி முத்திரை குத்திய இளைஞர்களின் கதையைவிட ஒரு திரைக்கதைக்கு வேறென்ன பரபரப்பு வேண்டும்? தனியொரு மாமனிதர் வந்தால்தான் மீட்பு நடக்கும் என்று நம்பும் பார்வையாளர், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார். புடாபெஸ்டில் எழுத்தர்களும் ஓட்டுநர்களும் தூது சென்றவர்களும் அப்படி இருந்துவிடவில்லை. அவர்களுக்கும் திரையில் இடம் வேண்டும்.