அளந்துவிட்டுப் பழகச் சொல்லுங்கள்

பெண்களுக்கென்றே இந்தச் சமூகம் ஒதுக்கி வைத்திருக்கும் சொல் ஒன்று உண்டு: ‘பழகிடும்.’ புகுந்த வீட்டுக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லையா, பழகிடும். விடிகாலை நாலரைக்கு எழ உடம்பு மறுக்கிறதா, பழகிடும். கணவனின் கோபம், மாமியாரின் குத்தல், மேலாளரின் பார்வை எல்லாமே பழகிடும். இப்போது அந்தச் சொல் கண்ணாடிக் கடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ப்ரோக்ரஸிவ் கண்ணாடி வாங்கிய பெண், “தலை சுத்துது, படி சரியா தெரியல, கழுத்து வலிக்குது” என்று திரும்பி வருகிறாள். கடையில் இருப்பவர் அவள் மூக்கில் கண்ணாடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சொல்கிறார்: “பழகிடும் மேடம்.”

எனக்கு அந்தச் சொல்லோடுதான் வழக்கு.

நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. நம் பாட்டிகள் சாளேசரம் என்றார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது, பக்கத்து எழுத்து மங்குகிறது. இது நோயில்லை, யாருடைய குற்றமுமில்லை. ஏற்கெனவே தூரப் பார்வைக்குப் பவர் உள்ளவர்களுக்கு இப்போது இரண்டு பவர் வேண்டும். முன்பு கோடு போட்ட பைஃபோகல் இருந்தது. 1959இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற பெயரில் கோடில்லாத ப்ரோக்ரஸிவ் லென்ஸ் வந்தது. மேலே தூரத்துக்கு, நடுவில் கைக்கெட்டும் தொலைவுக்கு, கீழே படிப்புக்கு என்று பவர் படிப்படியாகக் கூடும். அதற்கு ஒரு விலையும் உண்டு. கீழ்ப்பாதியின் இரு ஓரங்களிலும் உருவம் நெளியும். விலை கூடிய லென்ஸில் தெளிவான பகுதி அகலமாகலாம், நெளிவு குறையலாம். முற்றிலும் ஒழியாது. எந்தக் கம்பெனியும் ஒளியின் விதியை மீற முடியாது.

ஆகவே கொஞ்சம் பழக்கம் உண்மையிலேயே தேவைதான். கண்ணை மட்டும் உருட்டாமல் பார்க்கும் பக்கம் தலையைத் திருப்ப மூளைக்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. சரியாக அளந்து செய்த கண்ணாடிக்குப் பழகுவது வேறு, தப்பாகச் செய்த கண்ணாடிக்குப் பழகுவது வேறு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுவதுதான் மோசடி. திருமணத்தில் நமக்குச் செய்ததும் இதுதான்.

இந்த லென்ஸ் யாருடைய நாளை மனத்தில் வைத்து வடிவமைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நேரே சாலை, நடுவில் கணினி, கீழே மடியில் செய்தித்தாள். வண்டி ஓட்டுகிற, மேசையில் உட்காருகிற, வீட்டுக்கு வந்து பேப்பர் படிக்கிற ஒருவரின் நாள் அது. இப்போது ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். பரணில் இருக்கும் டப்பாவின் மேல் எழுதியதைப் படிக்க வேண்டும். பொருள் பக்கத்தில், ஆனால் தலைக்கு மேலே. அங்கே லென்ஸில் இருப்பது தூரப் பவர். கழுத்தை ஒடித்து அண்ணாந்தால்தான் எழுத்து தெரியும். தரையில் அரிவாள்மனை, அது புத்தகத்தைவிடத் தள்ளி இருக்கிறது, ஆனால் பார்ப்பதோ படிப்புப் பவர் வழியாக. முறத்தில் கல் பொறுக்கக் கண் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். படிப்புப் பகுதியோ குறுகலானது. ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிப் படி இறங்கும்போது காலடி முழுக்க மங்கல். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் நாளில் பாதி, மேல்தட்டுப் புத்தகங்களின் முதுகில் ஒட்டிய எண்ணைப் படிப்பதிலும், கடைசித் தட்டுக்குக் குனிவதிலும் போகிறது. இந்த வேலைகளில் எதுவும் விளம்பரப் படத்தில் இல்லை.

பெண்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி ஆண்களைவிடச் சீக்கிரம், கூடுதல் பவரில் தேவைப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் கண்டது. அவற்றைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2012இல் வெளிவந்தது. பெண்ணின் கண் பலவீனமானதால் இப்படி இல்லை என்று அது சொன்னது. அவர்கள் செய்யும் வேலை, பொருளைப் பிடித்துப் பார்க்கும் தூரம் போன்றவைதான் வித்தியாசத்துக்குக் காரணம். கை நீளம் குறைவு, வேலை கண்ணுக்கு நெருக்கம். ஆனால் பெரும்பாலான இடங்களில் படிப்புப் பவரைச் சோதிக்கும் அட்டை எல்லோருக்கும் 40 சென்டிமீட்டரில்தான் நிற்கிறது. ஊசியில் நூல் கோக்கிற பெண் 25 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்ப்பாள். அவளிடம் கேட்டால்தானே தெரியும்?

கேட்கிறார்களா? எங்கள் ஊரில் இரண்டு வகைக் கடைகளிலும் ஏறி இறங்கியிருக்கிறேன்.

முதலில், ஊர் ஊராகக் கிளை பரப்பிய ஷோரூம். ஏசி, இலவசக் கண் பரிசோதனை, சுவர் முழுக்க ஃப்ரேம். இயந்திரத்தில் முகவாயை வைத்ததும் பவர் காகிதத்தில் வந்து விழுந்தது. அது தொடக்கக் கணக்குதான், பிறகு ஒவ்வொரு லென்ஸாக மாற்றி வாசிக்கச் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பகுதி மூன்று நிமிடத்தில் முடிந்தது. விலைப் பட்டியலுக்கு இருபது நிமிடம். சில ஆயிரத்தில் தொடங்கி 40,000 ரூபாய் வரை வரிசையாக அட்டை. செல்போன் வெளிச்சத்தைத் தடுக்க நீலப் பூச்சு கட்டாயம் போடுங்கள் என்றார்கள். அந்தப் பூச்சால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. விலை சொல்லும்போது மட்டும் பார்வை என் கணவர் பக்கம் திரும்பியது. சம்பளம் என்னுடையது, கண்ணும் என்னுடையது.

பிறகு, கடைவீதியில் முப்பது வருடமாக இருக்கும் ஆப்டிகல்ஸ். மரப் பெட்டி, பழைய கண்ணாடி அலமாரி, வந்தவுடன் “உட்காருங்கம்மா.” மூக்குத் தாங்கியைக் குறட்டால் வளைத்துச் சரிசெய்வதில் அவருக்கு நிகர் இல்லை, அதற்குக் காசும் வாங்க மாட்டார். ஆனால் ப்ரோக்ரஸிவ் என்றதும் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளந்து எழுதினார். “உயரம் அளக்க வேண்டாமா?” என்றேன். “எனக்குப் பார்த்தாலே தெரியும்மா” என்றார். எந்தக் கம்பெனி லென்ஸ் என்றதற்கு “நல்ல கம்பெனி” என்பது பதில். அதன் பிறகு அவர் கேட்டது: “சார் எங்க வேலை பாக்கறார்?”

ஆகவே ‘பெரிய கடை ஏமாற்றும், தெரிந்த கடை பார்த்துக்கொள்ளும்’ என்ற கதையை நான் வாங்கத் தயாராக இல்லை. முதலாளித்துவத்துக்கு எதிராகப் பேசும் தோழர்கள் சிலர் சின்னக் கடை என்றாலே உருகிவிடுகிறார்கள். அந்த உறவு அப்பாவோடும் கணவனோடும் உள்ள உறவு. பெண்ணுக்கு அங்கே கிடைப்பது ‘அம்மா’ என்ற மரியாதை மட்டும், விவரம் இல்லை. மறுபக்கம் ‘ப்ராண்ட் என்றால் தரம்’ என்பதும் மூடநம்பிக்கை. லென்ஸைப் பெரும்பாலும் இரண்டு கடையும் வெளியே இருக்கும் கூடத்தில்தான் செய்து வாங்குகின்றன. வித்தியாசம் அளவில் இருக்கிறது. தப்பானால் யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது.

நான் வாங்கியது ஷோரூமில், காரணம் ஒன்றே: எழுத்தில் பில்லும், பழகவில்லை என்றால் மாற்றித் தரும் உறுதியும் இருந்தன. கண்ணாடி வந்தது. படிக்க வேண்டுமானால் முகவாயை வானத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது. “ரெண்டு வாரம் போடுங்க மேடம், பழகிடும்.” போட்டேன். பழகவில்லை. திரும்பப் போய், குறி வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். ப்ரோக்ரஸிவ் லென்ஸ் ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும் இரண்டு சின்னக் குறிகள் பொறித்திருக்கும். அவற்றைக் கம்பெனியின் அட்டை மேல் வைத்தால், கண்மணிக்கு நேரே வர வேண்டிய சிலுவைக் குறி எங்கே விழுகிறது என்று பேனாவால் போட்டுவிடலாம். போட்டார்கள். என் கண்மணிக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே விழுந்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்பீர்கள். தூரப் பவரிலிருந்து படிப்புப் பவர் வரை மொத்தப் பாதையே ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். லென்ஸை மாற்றித் தந்தார்கள். எத்தனை பெண்கள் அந்த மூன்று மில்லிமீட்டருக்குத் தங்கள் கழுத்தைப் பழக்கிக்கொண்டு வாழ்கிறார்கள்?

அந்தக் குறியைப் போட்டுக் காட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தம் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்கிறது. வாடிக்கையாளருக்கு நாற்காலி இருந்தது, அவளுக்கு இல்லை. நம் கோபம் அவள் மேல் விழக் கூடாது. கண்ணை அளக்கும் வேலையைத் தமிழ்நாட்டில் பெண்கள் நன்றாகவே செய்கிறார்கள். 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் அத்தனை லட்சம் கண்களைப் பார்க்கிறது. கைத்திறன் இருக்கிறது. ஷோரூமில் அந்தக் கைக்கு நேரம் கொடுப்பதில்லை, விற்பனை இலக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

இன்னும் பெரிய தடை வீட்டில் இருக்கிறது. மகனுக்குக் கண்ணாடி உடனே வரும், கணவருக்கு அடுத்த மாதம் வரும், அம்மாவுக்குத் திருவிழாக் கடையில் 100 ரூபாய்க் கண்ணாடி. “வீட்ல தானே இருக்க, உனக்கெதுக்கு?” அசாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பக்கத்துப் பார்வைக்கான எளிய கண்ணாடி கொடுத்ததும் அவர்கள் பறிக்கும் இலை, கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. தோட்டத்தில் எடைக்கல் இருப்பதால் அது கணக்கில் வந்தது. அரிசியில் தவறவிட்ட கல்லுக்கும், நறுக்கும்போது வெட்டுப்பட்ட விரலுக்கும், படியில் சறுக்கிய காலுக்கும் யார் எடைக்கல் வைத்தார்கள்? வீட்டு வேலையைக் கண்ணால் செய்யும் வேலை என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கண்ணுக்குச் செலவு செய்ய வேண்டிவரும். அதனால்தான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே, பெரிய கடையா சின்னக் கடையா என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு என் பதில்: உங்கள் நாளைப் பற்றிக் கேட்கிற கடை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தையலா, சமையலா, கரும்பலகையா, மாடிப்படியா என்று சொல்லுங்கள். ஃப்ரேமை முதலில் தேர்ந்தெடுத்து, மூக்கில் வழுக்காமல் சரிசெய்த பிறகே அளக்கச் சொல்லுங்கள். ‘லேடீஸ் ஃப்ரேம்’ என்று காட்டும் ஒடுங்கிய பூனைக்கண் வடிவங்களில் பலவற்றுக்கு உயரம் போதாது. 30 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் யோசியுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனி அளவு, கண்மணியின் உயரம், படிப்புப் பவர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். லென்ஸின் பெயர் பில்லில் இருக்கட்டும். மாற்றித் தரும் காலம் எத்தனை நாள் என்பதும் இருக்கட்டும்.

ப்ரோக்ரஸிவ்தான் வேண்டும் என்றும் இல்லை. கோடு போட்ட பைஃபோகல் கேவலமில்லை. தூரத்துக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று என இரண்டு தனிக் கண்ணாடிகள் சில பெண்களுக்கு இதைவிட மலிவு, இதைவிடப் பத்திரம். அடிக்கடி வெளியே நடமாடும் முதியவர்கள், வெளியில் தூரக் கண்ணாடிக்கு மாறியபோது விழுவது குறைந்தது என்று 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. வயது தெரியக் கூடாது என்பதற்காகக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு: உங்கள் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்துப் பேசினால், அம்மா பக்கம் கையைக் காட்டுங்கள். புதுக் கண்ணாடியோடு அவர் படி இறங்குவதையும் பரணைப் பார்ப்பதையும் கவனியுங்கள். இரண்டு வாரம் கழித்தும் முகவாய் மேலே தூக்கியிருந்தால், “பரவால்ல, பழகிடும்” என்று அவரே சொல்வார். அத்தனை வருடமாய் அவரைச் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.