காற்றுக்கும் உண்டு ஒரு தராசு



நிறுவை என்றதும் நம் நினைவுக்கு வருபவை மளிகைக் கடைத் தராசும் நெல் மண்டித் தராசுமே. அளவில் குறை செய்வோரைக் கண்டித்தே திருமறையின் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயம் தொடங்குகிறது என்பதை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத காற்றையும் நொடிதோறும் நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று, நம் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய காருக்குள் இருக்கிறது. அது பொய் சொல்லத் தொடங்கினால் நட்டமடைவது நாம்தாம். ஆகவே, இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது முழுமையாக எரிய வேண்டுமானால் ஏறக்குறைய 11 கிலோ காற்று தேவை. அதாவது, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு. இந்தக் கணக்கு எடையைப் பொறுத்ததே அன்றிக் கொள்ளளவைப் பொறுத்ததன்று. காற்று குறைந்தால் பெட்ரோல் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். பெட்ரோல் குறைந்தால் என்ஜின் திணறும். எனவே, உள்ளே வரும் காற்றின் எடை தெரியாமல் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று எந்த என்ஜினாலும் தீர்மானிக்க இயலாது.

நம் மாவட்டத்துச் சாலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப்பாதை தொடங்குகிறது. அம்மலைத் தொடரின் உயர்ந்த பகுதிகள் 1000 மீட்டருக்கும் மேற்பட்டவை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரின் என்ஜின் 796 சி.சி. கொள்ளளவு கொண்டது. மலையிலும் அது அதே 796 சி.சி. காற்றைத்தான் இழுக்கும். இழுத்த காற்றின் எடையோ குறைந்துவிட்டிருக்கும். அதன் தொடக்க கால மாடல்களில் இருந்த கார்புரேட்டருக்கு இந்த வேறுபாடு சரிவரத் தெரியாது. சமவெளிக்கு வைத்த கணக்கிலேயே அது பெட்ரோலைக் கலந்துவிடும். பழைய கார்கள் மலையேறும்போது இழுவை குன்றிப் புகை கக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2000ஆம் ஆண்டில் நாடெங்கும் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, சிறிய கார்களிலும் எம்.பி.எஃப்.ஐ. என்னும் முறை வேரூன்றியது. கார்புரேட்டரின் வேலையை ஒரு சிறிய கணினி ஏற்றுக்கொண்டது. அக்கணினிக்குக் காற்றின் அளவைச் சொல்லும் சென்சார்கள் இரு வகைப்படும்.

முதல் வகை, காற்றின் அழுத்தத்தை அளப்பது. நம் நாட்டுச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இதுவே உண்டு. மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்று காற்றழுத்தத்திற்கேற்ப நுண்ணியதாக வளைகிறது. அவ்வளைவு மின்குறிப்பாக மாறிக் கணினியை அடைகிறது. காற்றின் வெப்பத்தைச் சொல்ல உடன் ஒரு சென்சாரும் உண்டு. அழுத்தம், வெப்பம், என்ஜின் சுற்றும் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு கணினி எடையைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

இரண்டாம் வகை, காற்றின் எடையை நேரடியாகவே அறிவது. டீசல் கார்கள் பலவற்றில் இதனைக் காணலாம். மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட கம்பியோ மென்படலமோ காற்றின் பாதையில் வைக்கப்பட்டிருக்கும். ஓடும் காற்று அதனைக் குளிரச் செய்யும். சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதுவே காற்றின் அளவுக்குச் சாட்சி. சூடான கம்பியைக் காற்று எவ்விதம் குளிர்விக்கிறது என்னும் கணக்கை எல்.வி. கிங் என்ற அறிஞர் 1914ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

இனி, பராமரிப்புக்கு வருவோம். சென்சார் தானாகக் கெடுவதைவிட, காற்று வரும் வழி கெடுவதே மிகுதி. அறுவடைக் காலத்தில் நெல், மக்காச்சோளத் தூசும், கரும்பு வண்டிகள் கிளப்பும் புழுதியும் நம் சாலைகளில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய ஊர்களில், கையேட்டில் குறித்த தூரத்திற்கு முன்பாகவே ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, தேவையானால் மாற்றிவிட வேண்டும். 'ஃபில்டரை எடுத்துவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும்' என்று எவரேனும் சொன்னால் செவிசாய்க்காதீர்கள். உள்ளே புகும் புழுதி சென்சாரையும் கெடுக்கும், என்ஜினையும் தேய்க்கும்.

ரப்பர் குழாய்களில் வெடிப்பு உண்டா, கிளிப்புகள் இறுகியுள்ளனவா என்று பாருங்கள். சூடான கம்பி வகையில், சென்சாரைத் தாண்டிய இடத்தில் வெடிப்பு இருந்தால், நிறுக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கணக்கைப் பிழையாக்கும். அழுத்த வகையில், சென்சாருக்குச் செல்லும் துளையிலோ சிறு குழாயிலோ எண்ணெய்ப் பசையும் கரியும் அடைத்தால் அளவு தவறும். என்ஜின் அறையைக் கழுவும்போது சென்சார் இணைப்புகளின்மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

சூடான கம்பி சென்சாரைத் துடைக்கத் துணியோ பிரஷோ கூடாது. அக்கம்பி அவ்வளவு மெல்லியது. அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டுமே ஏற்றது. சாவியை அணைத்து, சென்சார் ஆறிய பிறகு தெளித்து, நன்கு உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும். கார்புரேட்டரைக் கழுவும் திரவத்தை இங்கே பயன்படுத்தலாகாது.

'செக் என்ஜின்' விளக்கு எரிந்தவுடனே 'சென்சார் போய்விட்டது' என்று ஆயிரக்கணக்கில் செலவு சொல்வோரும் உண்டு. அப்பொழுது, "முதலில் ஸ்கேனரில் காட்டுங்கள்" என்று பணிவுடன் கேளுங்கள். அழுத்த வகையில், என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், சமவெளியில் சென்சார் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். 1000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 90 காட்டும். இதற்கு ஒத்து வந்தால், சென்சாரை மாற்றுமுன் குழாய்களையும் வயர்களையும் சோதிப்பதே முறை. பிழையைத் தேடிக் கண்டு, தேவையானதை மட்டும் மாற்றும் மெக்கானிக், வாடிக்கையாளரின் அமானிதத்தைப் பேணுகிறவர். அவருடைய உழைப்புக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பது நம் கடமை.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது என்ஜின் நின்றுவிட்டால், இரண்டு மூன்று முறை அழுத்திய பின் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். பிரேக்குக்குத் துணை செய்யும் விசை என்ஜின் ஓட்டத்தால் கிடைப்பதே அதற்குக் காரணம். ஆகவே, வண்டி நிற்கும்போது என்ஜின் தடுமாறினாலோ அணைந்தாலோ, அதைச் சரிசெய்யாமல் மலைப் பயணம் புறப்படாதீர்கள்.

கடைத் தராசின் தட்டில் தூசு படிந்தால் நேர்மையான வணிகர் துடைத்துவிட்டே நிறுப்பார். நம் வாகனத்தின் தராசுக்கும் அந்த நேர்மையைக் காட்டுவோமாக! வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.