வாதம் வேண்டும், வசை வேண்டாம்

நெய்வேலியிலிருந்து வடலூர் சுமார் பத்துக் கிலோ மீட்டர். தைப்பூச நாளில் ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரியும் காட்சியைக் காண, நகரியத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் புறப்படுவார்கள். அவர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள் உண்டு. கோயில் வாசலை மிதிக்காத கொள்கைக்காரர்களும் உண்டு. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து, பல ஊர்க்காரர்களும் பல மதத்தினரும் ஒரே ஷிப்டில் வேலை செய்யும் இடம் இது. இயந்திரத்தடியில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வந்ததும் கதை வேறு. "வள்ளலார் இந்து மதத்துக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். ஐந்தாவது நிமிஷத்தில் வள்ளலார் மறைந்து போகிறார். "நீ யார், உன் ஜாதி என்ன, யாரிடம் காசு வாங்கினாய்" என்பதுதான் மிஞ்சுகிறது. டீக்கடையில் மட்டுமல்ல, மேடையிலும் தொலைக்காட்சியிலும் இதே நிலைமைதான்.

2023 ஜூன் மாதத்தில் கவர்னர் ஆர். என். ரவி வடலூரில் பேசுகையில், வள்ளலாரைச் சனாதன தர்மத்தின் பெருமகனாகப் போற்றினார். ஜாதியையும் சாத்திரத்தையும் மறுத்தவரை அந்த வரிசையில் வைப்பது எப்படி என்று எதிர்ப்பு எழுந்தது. 2024 பிப்ரவரியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, ஜனங்கள் கூடும் பெருவெளியில் கட்டடம் எழுப்பக்கூடாது என்று பார்வதிபுரம் கிராமத்தாரும் சன்மார்க்க அன்பர்கள் பலரும் எதிர்த்தார்கள். சபைக்கு அந்த நிலத்தைக் கொடுத்தது அந்தக் கிராமத்தாரின் முன்னோர்தாம். அந்த விவகாரமும் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அதற்கும் முன்னால், ஞான சபையில் லிங்க வழிபாடு நடத்தலாமா என்ற சர்ச்சை எழுந்து, கூடாது என்று 2006-ல் அறநிலையத் துறை உத்தரவு போட்டது. 2010-ல் சென்னை ஐகோர்ட் அதை ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. பொதுச் சொத்தும் பொது வழிபாடும் சம்பந்தப்பட்டவை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் இங்கே யோசிக்க வேண்டியது, கேட்கும் முறையைப் பற்றி.

பழைய சண்டை

இந்தச் சண்டைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது. அது நடந்ததும் நமது கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலேதான்.

1867-ம் வருஷம் மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. அதே வருஷம் இராமலிங்க அடிகளின் பாடல்கள் நான்கு திருமுறைகளாகப் பகுக்கப்பட்டு, 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேறின. பதிப்பித்தவர் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று ஆசிரியருக்குப் பட்டம் சூட்டியவரும் அவரே.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் இதை ஒப்பவில்லை. அவர் சாமானியரல்லர். பைபிளைத் தமிழாக்குவதில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர். பிறகு சைவத்துக்காக அச்சுக்கூடமும் பள்ளிக்கூடமும் நிறுவியவர். சிதம்பரத்திலே 1864-ல் சைவப் பள்ளி தொடங்கியவர். தேவாரம் முதலிய பன்னிரு திருமுறைகளுக்கே உரிய பெயர்களை, நம் காலத்தில் வாழும் ஒருவர் பாடலுக்குச் சூட்டலாமா என்பது அவர் கேள்வி. சைவ நூல்களைத் தேடிப் பிழை நீக்கிப் பதிப்பித்து ஆயுளைக் கழித்த ஒருவர் இப்படிக் கேட்டதில் என்ன வியப்பு? 'அருள்' என்பது அன்றோடு முடிந்துவிட்டதா என்று எதிர்த் தரப்பார் திருப்பிக் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

இரண்டு நல்ல கேள்விகள் எதிரெதிரே நின்றன. அவற்றுக்கு விடை தேடியிருந்தால் தமிழுக்கு நல்ல நூல்கள் கிடைத்திருக்கும். நடந்தது வேறு. 1869-ல் நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' என்ற கண்டனம் வெளிவந்தது. சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர், வள்ளலார் மீதும் தீட்சிதர்கள் சிலர் மீதும் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வள்ளலார் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று கோர்ட்டிலே தீர்ப்பாயிற்று" என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். வழக்கு அதைப் பற்றியதே அன்று. யார் யாரை வைதார்கள் என்பதுதான் விசாரணை. கோர்ட்டால் அதைத்தான் விசாரிக்க முடியும். ஒரு பாட்டில் இறைவன் அருள் இருக்கிறதா என்று எந்த நீதிபதி சொல்ல முடியும்? வாதம் வசையானதும் மூலக் கேள்வி அப்படியே கிடக்க, வசையைப் பற்றி மட்டுமே தீர்ப்பு வந்தது.

நஷ்டப்பட்டவர் யார்?

வள்ளலார் 1874-லும், நாவலர் 1879-லும் மறைந்தார்கள். சண்டை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை அருட்பாவைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். மறைமலையடிகள் மறுதரப்பில் நின்றார். இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்கு ஆதரவாக மேடையேறினார். ஓர் இஸ்லாமியப் புலவர் சைவத்திலும் தேர்ந்து, இந்த வாதத்தில் இறங்கியதைத் தமிழ்நாடு இயல்பாக ஏற்றுக்கொண்டது என்பது நாம் மறக்கக்கூடாத சங்கதி.

இம்முறையும் விவகாரம் கோர்ட்டுக்கே போயிற்று. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனார். அதனால் பரீட்சை எழுத முடியாமல் அவருடைய பள்ளிப் படிப்பே நின்று போயிற்று. அந்த மாணவர்தான் பின்னாளில் திரு. வி. க. என்று நாடு போற்றிய கலியாணசுந்தரனார். பெரியவர்கள் போட்ட சண்டைக்குப் பையன் தன் படிப்பைக் கொடுத்தான்.

ஆனால் திரு. வி. க. அந்தக் கோபத்தோடே வாழ்ந்துவிடவில்லை. ஆசிரியரிடம் கொண்ட அன்பையும் அவர் விடவில்லை. அதே சமயம் தாமே படித்து, யோசித்து, 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று நூல் எழுதும் அளவுக்கு வந்தார். மறுதரப்பைப் படித்துப் பார்க்க ஒருவர் துணிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எந்த வருஷத்து வள்ளலார்?

இன்றைய சர்ச்சைக்கு வருவோம். இரு தரப்பாரும் வள்ளலாரின் பாடல்களையே ஆதாரம் காட்டுகிறார்கள். இரு தரப்பாருக்கும் ஆதாரம் கிடைக்கவும் செய்கிறது. அது எப்படி?

விஷயம் எளிது. அவர் வாழ்க்கை ஓரிடத்திலே நின்றதன்று. இளமையிலே சென்னைக் கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் உருகிப் பாடினார். பிற்காலத்தில் ஜாதி, சமய, சாத்திரப் பிணக்குகளை உதறி, ஜோதி வழிபாட்டுக்கு வந்தார். 1872-ல் ஞான சபையை நிறுவினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில், முன்பு தமக்குச் சைவத்திலிருந்த பற்றையும் அதைத் தாம் விட்டதையும் அவரே எடுத்துச் சொன்னார். இந்தப் பிற்காலக் கருத்துகள் நிறைந்த ஆறாம் திருமுறை, அவர் மறைந்த பிறகு 1885-ல்தான் அச்சாயிற்று.

ஆகவே ஒருவர் முற்பகுதியைக் காட்டி, "பார், சைவர்!" என்கிறார். மற்றவர் பிற்பகுதியைக் காட்டி, "பார், சமயம் கடந்தவர்!" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதியைச் சொல்கிறார்கள். எந்தத் திருமுறை, எந்த வருஷம் என்று சேர்த்துச் சொன்னால் சண்டையில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி நிஜமான கருத்து வேற்றுமை. முற்பகுதியின் முதிர்ச்சியே பிற்பகுதி என்பாரும், முன்னதை விட்டு வந்ததே பின்னது என்பாரும் இருப்பார்கள். அவர்கள் தாராளமாக வாதாடட்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். இறைப்பதை நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும். கருத்து வேற்றுமையும் அப்படித்தான். "மத விஷயம் பேசாதே" என்று மூடி வைத்தால் ஒரு நாள் வெடிக்கும். ஆனால் தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே கொண்டு போகிறோமே தவிர, வேலை செய்கிற ஆளின் முகத்திலே பாய்ச்சுவதில்லை.

மூன்று காரியங்கள்

என்ன செய்யலாம்? பெரிய உபதேசம் தேவையில்லை. மறுதரப்பார் சொல்வதை, அவரே "ஆமாம், அதுதான் என் கட்சி" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் ஒரு தரம் சொல்லிக் காட்டலாம். ஆதாரம் கூறும்போது நூலையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். ஆளின் பிறப்பையும் உள்நோக்கத்தையும் பற்றிய பேச்சு வந்தவுடன், "வாதம் முடிந்தது" என்று எழுந்து விடலாம். அதற்கு மேல் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை. இந்த நியதி ஆளுங்கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும், பக்தருக்கும் பகுத்தறிவாளருக்கும் ஒன்றுதான். தன் பக்கத்து ஆள் வைதால் சிரிப்பதும், எதிர்ப் பக்கத்து ஆள் வைதால் பொங்குவதும் கண்ணியமாகாது.

நாவலரும் வள்ளலாரும் கடைசிவரை ஒத்துப் போகவில்லை. ஒத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. வடலூரில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. 1876-77 பஞ்சத்திலே, யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியைத் தீர்த்தவர் நாவலர். எது அருட்பா என்பதில் வேறுபட்ட இருவரும், எது தருமம் என்பதில் வேறுபடவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி இன்று மல்லுக்கு நிற்பவர்கள் இதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பிப்பது நல்லது.